ஹேமாவதி தவறவிட்ட முடிச்சு

ஹேமாவதியின் கண்ணுக்கு ஒரே ஒரு தப்பாவது தெரியாமல் போக வேண்டும் என்று இருபத்தொன்பது வருஷமாக துஆ கேட்டுவருகிறேன். என்னுடைய மற்ற வேண்டுதல்களை எல்லாம் அல்லாஹ் ஓரளவுக்கு நிறைவேற்றிவிட்டான். இதை மட்டும் கிடப்பில் போட்டு வைத்திருந்தான்.

ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் நான் தையல்காரி, அவள் செக்கர். நான் தைக்கும் காலர்களை இருபது இருபதாகக் கட்டினால் அந்தக் கட்டு அவள் மேசைக்குப் போகும். கட்டில் என் பெயர் இருக்காது. ஒரு அட்டையில் எண் மட்டும் இருக்கும். அந்த அட்டையையும் அவள் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் துணியைப் பார்ப்பாள். யார் தைத்தது என்று தெரிந்தால் கண் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். எல்லாம் பார்த்து முடித்து, தப்புள்ள இடத்தில் நீலச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, அப்புறம் அட்டையைத் திருப்புவாள். என் எண்ணாக இருந்தால் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அவளை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் ஆனதும் அவள் டிபன் டப்பாவில் கையை விட்டு வத்தக்குழம்பு சோற்றைத் தின்றுகொண்டும் இருப்பேன்.

அவளிடம் ஒரு படிவம் உண்டு. தப்பு என்ன, எந்த இடம், சின்னதா பெரியதா என்று கட்டம் கட்டமாக இருக்கும். தப்பே இல்லாவிட்டால் 'சரி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடுவாள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நீளமான கட்டம் வெறுமையாகக் கிடக்கும். மற்ற செக்கர்கள் அதில் 'நல்ல வேலை' என்று எப்போதாவது எழுதுவார்கள். ஹேமாவதி எழுதியதே இல்லை. ஒருமுறை கேட்டேன்.

"ஏன் ஹேமா, நல்லா தச்சிருந்தா நல்லா கீதுன்னு ஒரு வார்த்தை எழுதுனா கை தேஞ்சிடுமா?"

"நல்லா தைக்கத்தானே சம்பளம். அத வேற எழுதணுமா?"

இவள் கல்யாணத்தில் நடந்தது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்த கதை. மேடையில் மாலை மாற்றும்போது மாப்பிள்ளை குணசேகரனின் சட்டைப் பொத்தான் துளையைப் பார்த்து, "ரெண்டாவது காஜா பிரிஞ்சி கீது" என்றாளாம். அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தையே அதுதான். அந்த மனுஷன் டாங்கி தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், இரும்புக்குப் பழகியவர். அதனால் தாக்குப்பிடித்துவிட்டார்.

இவர்களுடைய ஒரே மகள் தீபிகா. சின்ன வயதிலிருந்து கையில் பென்சில் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. படிப்பு முடிந்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் சேர்ந்தாள். ஜப்பானில் எடுக்கிற படங்களுக்கு இங்கே உட்கார்ந்து வரைகிற வேலை. எனக்குப் புரியும்படி அவளே ஒருநாள் விளக்கினாள். ஒருத்தி வாளை ஓங்குகிற படத்தையும் வெட்டி இறக்குகிற படத்தையும் அங்கே பெரிய ஓவியர்கள் வரைந்து அனுப்பிவிடுவார்கள். ஓங்கியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் நடுவில் வரும் பத்துப் பதினைந்து படங்களை இவள் வரைவாள். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் கை அசையும், துணி பறக்கும், கண் கலங்கும்.

வேலையில் சேர்ந்த அன்று ஹேமாவதி மகளுக்குத் திருநீறு பூசிவிட்டுச் சொன்னது இதுதான்: "உன் வேலைய என்னிக்காவது நான் பாப்பேன். தப்பு இருந்தா பொண்ணாச்சேன்னு வுட மாட்டேன்." வாழ்த்து என்று நினைத்துத்தான் சொன்னாள். அந்தப் பெண் அதை இரண்டு வருஷமாக வயிற்றில் கல்லைப் போலச் சுமந்திருக்கிறாள்.

அவள் வேலை செய்த முதல் பெரிய படம் 'ஏழு முடிச்சு'. தமிழில் குரல் கொடுத்து நம் ஊருக்கே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு அம்பத்தூரில் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொல்லி என்னையும் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பூந்தமல்லி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தீபிகா தேடிக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா கண்ணு, மூஞ்சி இப்டி கீது?"

"ஆன்ட்டி, என் படத்துல ஒரு தப்பு இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

கதை இதுதான். படத்தின் நாயகி மியோரி இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருப்பாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது அம்மா கட்டிவிட்டது. அதில் ஏழு முடிச்சு. சண்டையில் ஒரு முடிச்சை அவிழ்த்தால் நூறு பேர் பலம் வரும், ஆனால் ஒரு ஞாபகம் போய்விடும். கடைசிச் சண்டையில் ஏழாவது முடிச்சையும் அவிழ்த்துவிடுகிறாள். அதன் பிறகு கயிறு வெறும் கயிறாகத்தான் தொங்க வேண்டும். தீபிகா வரைந்த இடத்தில் ஒன்பது படங்களில் மட்டும் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. முடிச்சு அவிழாத பழைய மாதிரிப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்துவிட்டாள். திரையில் ஒரு நொடிகூட நிற்காது. ஆனால் அந்த ஒரு நொடியில் மொத்தக் கதையும் பொய்யாகிவிடுகிறது.

"உங்க ஆபீஸ்ல யாரும் பாக்கலியா?"

"இங்க பாத்தாங்க, ஜப்பான்லயும் பாத்தாங்க. யார் கண்ணுலயும் படல. தியேட்டருக்கு வந்தப்புறம் எனக்கே தெரிஞ்சுது. டிஸ்க் போடறதுக்கு முன்னாடி திருத்தணும்னா புதன்கிழமைக்குள்ள சொல்லலாம். எங்க டீம் லீடர் ஜெகதீஷ், யாரும் பாக்காத தப்ப நாமளே போய் ஏன் சொல்லணும்ங்கறாரு. அடுத்த படம் நமக்குக் கிடைக்காமப் போயிடும்னு பயப்படறாரு."

"நீ இன்னா சொல்ற?"

"அம்மா நாளைக்குப் பாக்கட்டும். அவங்க கண்டுபிடிச்சா நானே போய் சொல்லிடறேன். அவங்க கண்ணுக்கே தெரியலன்னா உலகத்துல யாருக்கும் தெரியாது, விட்டுடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. முடிச்சு, நூல், தையல் என்றால் ஹேமாவதி இருட்டில் தடவியே சொல்லிவிடுவாள். இந்தப் பெண் போயும் போயும் இப்படி ஒரு தப்பையா செய்ய வேண்டும்? வேறு யாராவது ஒருத்தியின் மகளாக இருந்து இந்தத் தப்பைச் செய்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமாவதி பட்டுப்புடவையில் வந்தாள். கைப்பையில் நாலாக மடித்த ஒரு படிவமும், பேனாவும், செல்போன் வெளிச்சம் பக்கத்தில் இருப்பவர்களை உறுத்தாமல் இருக்க ஒரு கைக்குட்டையும் இருந்தன. "உன் இடம் எதுன்னு சொல்லாதே" என்று மகளிடம் முன்னாலேயே சொல்லிவிட்டாள். அட்டையைக் கவிழ்த்து வைக்கிற அதே வழக்கம். அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தீபிகா.

எனக்கு ஆள் பறக்கிற சண்டைப் படங்கள் அவ்வளவாகப் பிடிக்காது. காலைத் தரையில் வைத்துச் சண்டை போட்டால் என்ன குறைந்துபோகும் என்று தோன்றும். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். உறைந்த ஆற்றின் மேல் ஒரு சண்டை வருகிறது. மியோரி முடிச்சை அவிழ்த்ததும் தியேட்டரில் எல்லாச் சத்தமும் நின்றுவிடுகிறது. பனிக்கட்டி விரிசல் விடுகிற சத்தம் மட்டும் காலடியில் ஓடிவருகிறது. என்னையறியாமல் செருப்பைத் தூக்கிக்கொண்டேன். துணி பறக்கிறது பாருங்கள், அது துணிதான். முழங்கை மடங்கும் இடத்தில் கம்பளித் துணி எப்படி மடியுமோ அப்படியே மடிகிறது. முப்பது வருஷமாகத் துணியைத் தொட்ட கை சொல்கிறது.

நடுவில் படம் படுத்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு அருவிக்குக் கீழே மியோரி பயிற்சி எடுக்கிறாள், எடுக்கிறாள், எடுத்துக்கொண்டே இருக்கிறாள். நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோதும் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. பேசும் கீரி ஒன்று வேறு வந்து தத்துவம் சொல்கிறது. ஹேமாவதியின் பேனா நிற்கவே இல்லை. ஒவ்வொரு முறை அது கிறுக்கும்போதும் அந்தப் பக்கம் தீபிகா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

கடைசிச் சண்டை வந்தது. வில்லன் ஒரு தளபதி. தன் முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துத் தீர்த்து, யாரையும் ஞாபகம் இல்லாமல் போனவன். அவனை அடக்க வேறு வழியில்லாமல் மியோரி ஏழாவது முடிச்சில் கைவைக்கிறாள். அது அம்மாவின் ஞாபகம். அவிழ்க்கிறாள். அவன் விழுகிறான். பனிக்குள்ளிருந்து அம்மா ஓடிவருகிறாள். மியோரி திரும்பி, வழியில் போகிற யாரையோ பார்ப்பதுபோல அவளை மரியாதையாகப் பார்த்து, லேசாகத் தலை குனிகிறாள். அம்மாவின் நீட்டிய கை அப்படியே நின்றுவிடுகிறது.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்ததால் இடுப்பைத்தான் பார்த்தேன். முடிச்சு இருந்தது. கண்ணில் குத்துகிற மாதிரி இருந்தது. திக்கென்று ஹேமாவதியைத் திரும்பிப் பார்த்தேன்.

பேனா மடியில் கிடந்தது. இவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். ஹேமாவதி முகம் கழுவி, மூக்கைச் சிந்தி, செக்கராகத் திரும்பி வந்தாள். படிவத்தை விரித்துப் படித்தாள்.

"பதினாலு தப்பு. வில்லன் படையில ஒருத்தனுக்கு பட்டன் வலது பக்கம், பக்கத்துல கீறவனுக்கு இடது பக்கம். ஒரே படைக்கு ரெண்டு டைலரா? அந்தப் பொண்ணுக்கு ஆத்து சண்டையில கிழிஞ்ச கை அடுத்த சீன்ல முழுசா கீது. மலை மேல ஆரு தச்சிக் குடுத்தா? கொட்டற மழையில அந்த அம்மா முந்தானை மட்டும் நனையல. அருவியில பாதி வெட்டலாம். அந்தக் கீரி மொத்தமா வேணாம்."

"அந்த வில்லன்?" என்றேன்.

"ரெண்டு மணி நேரம் கெட்டவனா இருந்துட்டு, சாவறப்ப ரெண்டே நிமிஷத்துல கதை சொல்லி அழுதா எப்டி? அத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கும் அவன் மேல பாவம் வந்திருக்கும். இது அவசர அவசரமா வெச்ச ஒட்டு. பெரிய தப்புல எழுதியிருக்கேன்."

"கடைசி சீன்ல, ம்மா?" தீபிகாவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஹேமாவதி காகிதத்தைப் பார்த்தாள். "அங்க ஒண்ணும் இல்ல. சரின்னு போட்டு கையெழுத்து வெச்சிட்டேன்."

இருபத்தொன்பது வருஷ துஆ அந்த டீக்கடையில் பலித்தது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். தீபிகா தப்பித்துவிட்டாள். அவள் போட்ட கணக்குப்படி இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவளோ அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, அந்தக் கையெழுத்த அடிச்சிடுங்க. அங்கதான் என் இடம். அங்க தப்பு இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது படம், பழைய மாதிரி, ஜெகதீஷ், புதன்கிழமை. என்னிடம் சொன்னதையும் சேர்த்துச் சொல்லி என்னை மாட்டிவிட்டாள். ஹேமாவதி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படத்தான் செய்தாள். ஆனால் அது மகள் மேல் இல்லை.

"முடிச்சா? என் கண்ணுக்கு முடிச்சு தெரியாம போச்சா? சான்ஸே இல்ல."

"நான் பாத்தேன் ஹேமா. நல்லா தெரிஞ்சுது."

"நீ அருவியிலயே தூங்கிட்ட. நீ பேசாதே."

சாயங்காலக் காட்சிக்கு மறுபடி டிக்கெட். மறுபடி அருவி, மறுபடி கீரி. இந்த முறை அவளிடம் பேனா இல்லை. முதுகை நேராக வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏழாவது முடிச்சுக்குக் காத்திருந்தாள். முடிச்சு அவிழ்ந்தது. அம்மா ஓடிவந்தாள். மியோரி திரும்பினாள். ஹேமாவதி தலைப்பைத் தேடினாள்.

விளக்குப் போட்டதும் கேட்டேன். "பாத்தியா?"

"இல்ல" என்றாள். மூக்கு சிவந்திருந்தது. "அந்தப் பொண்ணு தல குனியறப்ப எப்டிடீ கீழ பாக்கறது?"

திங்கட்கிழமை தொழிற்சாலையில் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எண்பது தையல்காரிகள் சேர்ந்து பாயசம் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அவள் என் காலர் கட்டில் மூன்றைத் திருப்பி அனுப்பினாள். மூன்றும் நிஜமான தப்புதான், கண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மத்தியானம் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"தப்பு கீற பீசுக்குக் கீழ என் கையெழுத்து. அவ பாத்துகினு சும்மா இருந்திருக்கலாம். ஆருக்குத் தெரியப்போது?"

"உன் பொண்ணாச்சே" என்றேன். ஏதோ கேலியாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது அதுதான்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து நேராகத் தியேட்டருக்குப் போனோம். தீபிகா ஆபீஸிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். டிக்கெட் கிழிப்பவர் எங்களைப் பார்த்து, "இன்னாக்கா, உங்க ஊட்டுப் படமா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஹேமாவதி அன்றைக்கு ஒரு யோசனையோடு வந்திருந்தாள். கைப்பையிலிருந்து காலர் அளவெடுக்கிற அட்டையை எடுத்தாள். கடைசிக் காட்சி வந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த அட்டையை முகத்துக்கு நேராக நீட்டி, திரையின் மேல் பாதியை மறைத்தாள். மியோரியின் முகம் தெரியாது, இடுப்பும் கயிறும் மட்டும் தெரியும். பின்வரிசையில் ஒருவர், "ஏங்க, கைய எடுங்க" என்றார். "ஒரு நிமிஷம் நைனா, வேலையா கீறோம்" என்று நான் சொல்லிவிட்டேன்.

"ஆங்" என்றாள் ஹேமாவதி. "கீது."

அட்டையை இறக்கினாள். ஆனால் மியோரி தலை குனிந்து முடிக்கவில்லை, அம்மாவின் கை இன்னும் நீண்டுகொண்டிருந்தது. ஹேமாவதி மூன்றாவது முறையும் அழுதாள். தப்பைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் இந்தத் தடவை தாராளமாகவே அழுதாள். தீபிகா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

டீக்கடையில் அவள் பழைய கையெழுத்தை அடித்தாள். புதுக் கட்டத்தில் தப்பு, இடம், ஒன்பது படம் என்று எழுதினாள். 'பெரியது' என்பதில் குறி போட்டாள். தீபிகா தலையாட்டினாள். அப்புறம் ஹேமாவதி பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். கடைசிக் கட்டத்தில் ஏதோ எழுதி, காகிதத்தை மடித்து மகளிடம் கொடுத்தாள்.

"உங்க லீடர்கிட்ட இத அப்டியே குடு. பதினஞ்சு தப்பும் போவட்டும். நம்மளுது மட்டும் இல்ல, மத்தவங்களுதும்தான். அடுத்த படம் குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்."

புதன்கிழமை மத்தியானம் தீபிகா எனக்கு போன் செய்தாள். ஜெகதீஷ் முதலில் முகத்தைச் சுளித்தாராம். காகிதத்தைக் கடைசி வரைக்கும் படித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவரே உட்கார்ந்து மொழிபெயர்த்து அனுப்பினாராம். கீரி வேண்டாம் என்பதை மட்டும் விட்டுவிட்டாராம். அங்கிருந்து உடனே பதில் வந்திருக்கிறது. பட்டன், கிழிந்த கை, முந்தானை, முடிச்சு நான்கையும் டிஸ்க்கில் திருத்தப்போகிறார்கள். முடிச்சை வரைந்தவரே திருத்தட்டும் என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பட்டியலைப் போட்டவர் எந்த ஸ்டூடியோவில் வேலை செய்கிறார் என்றும் கேட்டார்களாம்.

"அம்மா கடைசி கட்டத்துல இன்னா எழுதியிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"எனக்கு எங்க காட்டுனா."

தீபிகா படித்தாள். படிக்கும்போது அவள் குரல் இரண்டு இடத்தில் நின்றது. நான் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்தபடி, நாலு மேசை தள்ளி ட்யூப்லைட்டுக்குக் கீழே யாருடைய கட்டையோ புரட்டிக்கொண்டிருந்த ஹேமாவதியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவில்லை.

'குறிப்பு: முகத்தைப் பார்த்தால் முடிச்சு தெரியவில்லை. மூன்று முறை பார்த்தேன். முடிச்சை மட்டும் திருத்தவும். முகத்தில் கைவைக்கக் கூடாது.'